ஸ்கார்பரோ சந்தைப் பாட்டு: கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பாடகர்கள் சைமன், கார்ஃபங்கல் இருவரும் பாடிய ‘ஸ்கார்பரோ ஃபேர்’ எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. அதில் வரும் நான்கு மூலிகைகளும் (பார்ஸ்லி, சேஜ், ரோஸ்மேரி, தைம்) கொள்ளைநோய்க்கு மருந்து என்றும், பாட்டு 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும் ஒரு காணொளியில் சொன்னார்கள். அந்த மெட்டும் அவ்வளவு பழையதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொள்ளைநோய்க் கதையை நம்ப வேண்டாம். இந்தப் பாட்டின் மூத்த வடிவம் 1670 வாக்கில் அச்சான ஒரு ஸ்காட்டியக் கதைப்பாடல். அதில் மூலிகையும் இல்லை, ஸ்கார்பரோவும் இல்லை. ‘காற்று என் போர்வையை அடித்துக்கொண்டு போயிற்று’ என்பதுதான் பல்லவி. மாய வீரன் ஒருவன், கத்தரிக்காமல் தைக்காமல் ஒரு சட்டை செய்து தா என்கிறான். பெண் சளைக்கவில்லை. கடலோர நிலத்தைக் கொம்பால் உழுதுவிட்டு வா, அப்புறம் சட்டை வாங்கிக்கொள் என்கிறாள். பாட்டின் உயிர் இந்த மல்லுக்கட்டில்தான் இருக்கிறது. மூலிகை வரி பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. 1810இல் அச்சான குழந்தைப்பாட்டுத் தொகுப்பில் அதைப் பார்க்கலாம்.

சந்தை நிஜம். ஸ்கார்பரோ இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள ஊர். அங்கே சந்தை நடத்த 1253இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி அனுமதி கொடுத்தார். ஆகஸ்ட் 15 தொடங்கி 45 நாள் நடக்கும். 1788இல் நின்றுபோனது. ஆனால் ஊர்ப்பெயர் பாடுகிறவர்களைப் பொறுத்தது. இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நார்தம்பர்லாந்தில் இதையே விட்டிங்காம் சந்தை என்று பாடினார்கள், வேறு மெட்டில். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஃபிராங்க் கிட்சன் 1891இல் அச்சிட்ட யார்க்‌ஷயர் மெட்டும் நீங்கள் கேட்டதல்ல.

நீங்கள் கேட்ட மெட்டு ஒரு தொழிலாளியிடமிருந்து வந்தது. டரம் மாவட்டத்து மிடில்டன்-இன்-டீஸ்டேலில் ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மார்க் ஆண்டர்சன் 1947இல் நாட்டுப்பாடகர் ஈவான் மக்காலுக்குப் பாடிக் காட்டினார். ஆங்கில நாட்டுப்பாடகர் மார்ட்டின் கார்த்தி அதைக் கிதாரில் அமைத்து 1965இல் பதிவு செய்தார். லண்டனில் அவரிடம் கேட்டுத்தான் பால் சைமன் எடுத்துக்கொண்டார். ஆண்டர்சன் 1953இலேயே இறந்துவிட்டார். உலகமே முணுமுணுக்கும் மெட்டுக்கு அவர் பெயரை யாரும் சொல்வதில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

மெட்டு பழையதாகத் தோன்றக் காரணம் அதன் சுரங்கள். அவை நம் கரகரப்பிரியா ராகத்தின் சுரங்களேதான். ‘ரோஸ்மேரி’ முடியும் இடத்தில் சதுஸ்ருதி தைவதம் (உயர்ந்த ‘த’) வருகிறது, கவனியுங்கள். அங்கே சுத்த தைவதம் (தாழ்ந்த ‘த’) போட்டுப் பாடினால் பாட்டு வெறும் அழுகையாகிவிடும். ஆனால் இந்தச் சுர வரிசையை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. ஆங்கில நாட்டுப்பாடகர்கள் 20ஆம் நூற்றாண்டிலும் அதில் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

முதலில் கார்த்தியின் பதிவைக் கேளுங்கள். அதற்குப் பிறகு விட்டிங்காம் மெட்டைத் தேடிப் பிடியுங்கள்.