டாக்டரிடம் கேளுங்கள்: அலாஸ்காவின் வண்டி நாய்கள் என்ன தின்கின்றன?

சென்ற இதழில் இடிடராட் என்ற நாய் வண்டிப் பந்தயத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அலாஸ்காவில் 1973 முதல் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடப்பது. ஆங்கரேஜிலிருந்து நோம் வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் பனிப்பாதை, ஒரு சறுக்குவண்டிக்கு அதிகபட்சம் 16 நாய்கள். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தீனியைப் பற்றித்தான் கேட்கின்றன. ஃபேர்பேங்க்ஸ் பக்கத்தில் வண்டி நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்ற முறையில் எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம். வழக்கமாக எல்லாரும் வேகத்தைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: பந்தய நாளில் ஒரு நாய் பத்தாயிரம் கலோரி தின்னும் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு சைபர் கூடிவிட்டதா? (கணித ஆசிரியர் ஒருவர்)

கூடவில்லை. 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடும் குளிரில் பந்தயம் ஓடிய அலாஸ்கன் ஹஸ்கிகள் நாளொன்றுக்குச் சுமார் 11,000 கிலோகலோரி (தீனிக் கணக்கில் நாம் கலோரி என்று சொல்வது இதைத்தான்) செலவழித்தது அளந்தே காட்டப்பட்டது. இவை நீங்கள் படத்தில் பார்க்கும் புசுபுசு நாய்கள் அல்ல. ஒல்லியான, நீண்ட கால்கள் கொண்ட, 20 முதல் 25 கிலோ எடையுள்ள கலப்பின நாய்கள். அதே எடையுள்ள வீட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு ஆயிரத்தை ஒட்டிய கலோரி போதும். பத்து மடங்கு வித்தியாசம், கணக்கு சரிதான்.

சிக்கல் என்னவென்றால், தேவை பத்து மடங்கு ஆனாலும் வயிறு பத்து மடங்கு ஆகாது. அதனால்தான் கொழுப்பு. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ நான்கு கலோரி தந்தால் கொழுப்பு ஒன்பது தருகிறது. பந்தய நாய் எடுத்துக்கொள்ளும் கலோரியில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்து வர வேண்டும். நடைமுறையில் அது இப்படி இருக்கும்: கொழுப்பு மிகுந்த உலர்தீனியை வெந்நீரில் ஊறவைத்து, அதில் மாட்டிறைச்சி, மாட்டுக்கொழுப்பு, கோழித்தோல், சால்மன் மீன் எல்லாம் கலந்து கொடுப்பார்கள். ஓடும்போது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, ஆளுக்கொரு துண்டு உறைந்த மீனோ இறைச்சியோ போடுவார்கள். ஒரு நிமிட வேலைதான். ஆனால் அந்தத் துண்டுகளை விட்டுவிட்டால் ஓய்விடத்தில் எவ்வளவு கொட்டினாலும் கணக்கு நேராகாது. பெரிய சாப்பாடு எப்போதும் ஓட்டம் முடிந்த பிறகு. வயிறு நிறைந்த நாயை உடனே ஓடவிட்டால் வாந்தி எடுக்கும்.

ஆற்றில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கின் இறைச்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல கொழுப்பு, வாசனையும் பலமானது. களைத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாய்கூட அந்த வாசனைக்கு எழுந்து உட்காரும். அனுபவமுள்ள ஓட்டிகள் அதை முதல் நாளே செலவழிக்க மாட்டார்கள், நாய் அலுத்துப்போகும் நாளுக்கென்று வைத்திருப்பார்கள்.

இங்கே திறமை என்று நான் முதலில் பார்ப்பது வாயைத்தான். எவ்வளவு வேகமான நாயாக இருந்தாலும், களைப்பில் தின்ன மறுத்தால் மூன்றாவது நாள் அது வண்டியை இழுக்காது. தலைமுறை தலைமுறையாக நல்ல நாய்ப் பண்ணைகள் கால்களையும் மனத்திடத்தையும் பார்த்தது போலவே பசியையும் பார்த்துத்தான் இனப்பெருக்கம் செய்திருக்கின்றன.

கேள்வி: மாரத்தான் ஓடுகிறவர்கள் முந்தின நாள் மாவுச்சத்தை ஏற்றிக்கொள்கிறார்களே, நாய்க்கும் அதுதானே நல்லது? (ஓட்டப் பயிற்சியாளர்)

வேண்டாம். நாயின் உடல் வேறு விதமாகக் கட்டப்பட்டது. 1970-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டேவிட் குரோன்ஃபெல்ட் வண்டி நாய்களை வைத்து இதைப் பார்த்தார். மாவுச்சத்து மிகுந்த தீனி தின்ற நாய்களுக்குத் தசை விறைத்து நடை கெட்டது. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பையும் புரதத்தையும் கூட்டியபோது நாய்கள் தெளிந்தன, ரத்தச் சிவப்பணுக்களும் நல்ல அளவில் நின்றன. பிறகு வந்த ஆய்வு ஒன்றில், கலோரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் புரதம் பெற்ற நாய்களுக்குத் தசையிலும் தசைநாரிலும் காயங்கள் அதிகமாக இருந்தன. முப்பது சதவீதத்தை ஒட்டிப் புரதம் கிடைக்கட்டும் என்றுதான் நான் சொல்லுவேன்.

உங்களைப் போன்ற பயிற்சியாளருக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். நாளுக்கு 160 கிலோமீட்டர் என்று தொடர்ந்து சில நாட்கள் ஓடிய நாய்களின் தசையை ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டேவிஸ் குழுவினர் சோதித்தார்கள். முதல் நாள் தசையில் இருந்த கிளைகோஜன், அதாவது உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து, சரசரவென்று இறங்கியது, மனிதர்களுக்கு ஆவது போலத்தான். ஆனால் அடுத்தடுத்த நாட்களில், ஓட்டம் நிற்காமலேயே, மாவுச்சத்து குறைந்த தீனியிலேயே, அது மெல்ல மெல்ல ஏறிவிட்டது. ஓடிக்கொண்டே உடல் தன் எரிபொருளை மாற்றிக்கொள்கிறது. எனக்குத் தெரிந்த விலங்குகளில் இதைவிட வியப்பான உடல் இல்லை.

மாவுச்சத்தால் பயனே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஓட்டம் முடிந்த அரை மணி நேரத்துக்குள் தண்ணீரில் கொஞ்சம் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, சீக்கிரம் செரிக்கும் மாவுச்சத்துப் பொடியைக் கலந்து கொடுத்தால் தசை சீக்கிரம் தேறும். குறுகிய தூரம் வேகமாக ஓடும் நாய்களுக்கு இது நன்றாகவே உதவும். அப்புறம், கொழுப்பை ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள், வயிற்றுப்போக்கு வந்துவிடும். இலையுதிர் காலப் பயிற்சி தொடங்கியதிலிருந்து வாரக்கணக்கில், ஓட்டத்தின் தூரம் கூடக் கூடத்தான் கொழுப்பும் கூட வேண்டும்.

கேள்வி: அந்தக் காலத்தில் கருவாடு மட்டுமே போட்டு ஓட்டினார்களாமே? (வரலாற்று மாணவி)

அலாஸ்காவின் யூகான் நதிக்கரை மக்கள் கோடையில் சால்மனைப் பிடித்து, கீறி, உலர்த்தி, குளிர்காலம் முழுக்க நாய்களை அதில்தான் வளர்த்தார்கள். 1925-இல் டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தை நெனானாவிலிருந்து நோம் வரை சுமார் 1,085 கிலோமீட்டர் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோன நாய் வண்டிகளின் காலத்தில் சால்மன் கருவாடுதான் முக்கியத் தீனி. நல்ல தீனிதான்: புரதமும் கொழுப்பும் சேர்ந்தே இருக்கிறது, எடையும் குறைவு.

இன்று அதற்கே ஆபத்து வந்திருப்பதுதான் என் கவலை. யூகானில் சால்மன் வரத்து சரிந்து, 2021-இல் நதிக்கரைக் குடும்பங்கள் சொந்த உணவுக்காக சால்மன் பிடிப்பதுகூட நிறுத்தப்பட்டது. மீனை நம்பி நாய் வளர்த்தவர்கள் விலை கொடுத்துத் தீனி வாங்க வேண்டிய நிலை. பந்தயச் செய்திகளில் இது வருவதில்லை. அந்த ஊர்களில் நாய் வண்டி வழக்கம் மறைந்தால் அதற்கு மீன் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கும்.

கேள்வி: சுற்றிலும் பனி. தண்ணீருக்கு என்ன பஞ்சம்? (பெயர் எழுதாத வாசகர்)

ஓடிக்கொண்டே நாய் பனியை வாயில் அள்ளும், பார்த்திருக்கிறேன். ஆனால் அது தொண்டையை நனைக்கத்தான். உடம்புக்கு வேண்டிய நீரையெல்லாம் பனியாகத் தின்றால், அதை உருக்கவே உடல் சூடு வீணாகும். மைனஸ் 30 டிகிரியில் அந்தச் சூட்டைச் செலவழிக்கக் கூடாது.

ஆகவே ஓய்விடம் வந்ததும் ஓட்டி செய்யும் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நாய்க்கொரு துண்டு இறைச்சியோ மீனோ. கால் உறைகளைக் கழற்றி, வைக்கோலைப் பரப்பி நாய்களைப் படுக்கவைப்பார். பிறகு மெத்தனால் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பெரிய பானையில் பனியை உருக்குவார். அந்த வெந்நீரில் இறைச்சியையும் தீனியையும் போட்டு நீர்த்த கஞ்சி மாதிரி ஆக்கிக் கொடுப்பார். வெறும் தண்ணீரை நாய் முகர்ந்துவிட்டுப் போய்விடும், இறைச்சியோ மீனோ மிதந்தால் அடிவரை நக்கிவிடும். நாய்கள் தின்று தூங்கிய பிறகு பாதங்களைப் பார்ப்பார். கடைசியில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் அவருடைய தூக்கம்.

நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கக் கழுத்துத் தோலை இரண்டு விரலால் இழுத்து விடுங்கள். உடனே படிந்தால் சரி. மடிப்பு நின்றாலோ, ஈறு பிசுபிசுத்தாலோ, அந்த நாய் குடித்துத் தேறும்வரை வண்டி நகரக் கூடாது.

கேள்வி: நாய்க்குக் காலுறை அலங்காரமா, அவசியமா?

அவசியம். வழி முழுக்க மென்பனி அல்ல. உறைந்து மணல்போல் ஆன பனி விரலிடுக்கை அறுக்கும், ஈரப்பனி ரோமத்தில் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். கெட்டித் துணியில் தைத்து வெல்க்ரோ பட்டை வைத்த உறைகள் இவை. இடிடராட் விதிப்படி நாய்க்கு எட்டு உறை கையில் இருந்தாக வேண்டும். பந்தயம் முடிவதற்குள் ஒரு வண்டிக்கு ஆயிரத்துக்கும் மேல் தேய்ந்துபோகும். பட்டையை இறுக்கினால் மணிக்கட்டு வீங்கும், ஈர உறையோடு படுக்கவிட்டால் பாதம் ஊறிப்போகும். நிறுத்தியதும் கழற்றுங்கள், ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள், களிம்பு தடவுங்கள். 16 நாய் என்றால் 64 பாதம். ஒன்றைக்கூடத் தாண்டிப்போகக் கூடாது.

கேள்வி: எவ்வளவு சொன்னாலும் இது வதைதானே, டாக்டர்? (கல்லூரி மாணவர்)

கோபம் நியாயமானது, மழுப்ப மாட்டேன். இந்தப் பந்தயத்தில் நாய்கள் இறந்திருக்கின்றன. வாந்தி நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியா அதில் ஒரு முக்கியக் காரணம். பந்தயம் முடித்த நாய்களின் இரைப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது ஏறத்தாழ பாதி நாய்களுக்குப் புண்ணோ அரிப்போ இருந்ததும் தெரியவந்தது. அதன் பிறகுதான் அமிலத்தைக் குறைக்கும் மருந்து பரவலாகக் கொடுக்கப்படுகிறது.

பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு நாய்க்கும் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை உண்டு. வழியில் கட்டாய ஓய்வு 24 மணி நேரம் ஒருமுறை, எட்டு மணி நேரம் இருமுறை. வழியிலுள்ள சோதனை நிலையங்களில் கால்நடை மருத்துவர்கள் இதயம், நீர்ச்சத்து, பசி, உற்சாகம், எடை, நுரையீரல் என்று பார்க்கிறார்கள். முடியாத நாயை அங்கேயே விட்டால் விமானத்தில் திரும்பும். பதிலுக்கு வேறு நாயைச் சேர்க்க முடியாது. இந்த விதியால் சில ஓட்டிகளுக்குக் களைத்த நாயை விட்டுச் செல்ல மனம் வராது. என் கருத்து இதில் கறாரானது: இரண்டு வேளை தொடர்ந்து தின்ன மறுத்த நாயை அதன்பின் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. அது நின்றுகொண்டு வாலாட்டினாலும் சரி. இந்த நாய்கள் உடம்பு முடியாதபோதும் ஓட வரும், அதனால் போதும் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு மனிதனுடையது.

கேள்வி: எங்கள் வீட்டு ஹஸ்கிக்கும் இந்தக் கொழுப்புத் தீனியைக் கொடுக்கலாமா?

கூடாது. ஓடாத நாய்க்கு இவ்வளவு கொழுப்பு போனால் உடல் பருக்கும், கணைய அழற்சியும் வரலாம். வண்டி நாய்களுக்கே கோடையில் தீனியை வெகுவாகக் குறைத்துவிடுவார்கள்.

கேள்வி: முன்னால் ஓடும் தலைமை நாய்க்குத் தனிச் சாப்பாடா?

பதவிக்கென்று தனிச் சாப்பாடு கிடையாது. வண்டியை ஒட்டிக் கட்டப்படும் கடைசி ஜோடிக்குத்தான் பாரம் அதிகம், பெரும்பாலும் தின்பதும் அவைதான் அதிகம். ஆனால் இடத்தைப் பார்த்தும் அளக்காதீர்கள். ரோமம் ஏமாற்றும். கையுறையைக் கழற்றிவிட்டு விலா, முதுகெலும்பு, இடுப்பெலும்பு மூன்றையும் தடவிப் பாருங்கள். விலா மெலிதாகத் தட்டுப்பட்டால் போதும். இடுப்பெலும்பு கூராகக் குத்தினால் அந்த நாயின் கிண்ணத்தில் அன்றிரவே இன்னொரு கரண்டி கொழுப்பு விழ வேண்டும். பதற்றக்கார நாய் கட்டிப்போட்ட இடத்திலேயே குதித்துக் கலோரியைத் தீர்த்துவிடும். பக்கத்து நாய் முறைத்தால் தின்னாமல் ஒதுங்கும் நாயும் உண்டு. அதைக் கொஞ்சம் தள்ளிக் கட்டி, தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.