மகள் வளிமண்டலம் படிக்க வேண்டும் என்கிறாள்: இயற்பியலா, வேதியியலா?

வணக்கம் அம்மா. பட்டப்படிப்புக்கு எந்தப் பாடம், படித்தால் வேலை கிடைக்குமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால், இந்த வாரம் உங்கள் மகளை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தாளும் கால்குலேட்டரும் போதும்.

வளிமண்டலத்துக்கு மேலே, சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1361 வாட் விழுகிறது. பூமி வெயிலை மறிப்பது ஒரு வட்டத்தின் பரப்பில். உருண்டையின் முழுப் பரப்போ அதைப்போல 4 மடங்கு. ஆக 4-ஆல் வகுத்தால் 340. அதில் ஏறத்தாழ 30 சதவீதத்தை மேகமும் பனியும் நிலமும் திருப்பி அனுப்பிவிடும். மீதி சுமார் 240 வாட். வந்த அளவே வெளியேற வேண்டும் என்று வைத்து, ஒரு பொருள் தன் வெப்பநிலைக்கு ஏற்ப எவ்வளவு கதிர் வெளியிடும் என்று சொல்லும் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதியில் போட்டால், பூமியின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் என்று வரும். உண்மையில் தரைமட்டச் சராசரி சுமார் 15 டிகிரி.

நடுவில் 33 டிகிரி இடிக்கிறது அல்லவா? அங்கேதான் வேதியியல் உள்ளே வருகிறது. (இந்தப் பகுதி உங்களுக்கு மட்டும், அவளிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள்.) உலர்ந்த காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். இரண்டும் ஒரே வகை அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகள். அவை அதிர்ந்தாலும் மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாயாது. அதனால் தரை வெளியிடும் அகச்சிவப்புக் கதிர் அவற்றைத் தாண்டிப் போய்விடும். கார்பன் டைஆக்சைடு வெறும் 0.04 சதவீதம். ஆனால் அது வளைந்து அதிரும்போது 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை உறிஞ்சுகிறது. பூமியின் வெப்பக்கதிர் வலுவாக இருக்கும் பகுதியும் அதுதான். நீராவியின் பங்கு இன்னும் பெரியது. இப்படி உறிஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதி தரைக்கே திரும்புவதால்தான் அந்த 33 டிகிரி. 1856-இலேயே யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கார்பன் டைஆக்சைடு நிறைந்த குழாய் அதிகம் சூடாவதைக் கண்டார். ஜான் டிண்டல் என்ற இயற்பியலாளர் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு அளந்தது 1859-இல். ஃபுட்டின் பெயரை உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, எந்தப் பாடம்? என் யோசனை இயற்பியல், கூடவே கணிதம், துணைப்பாடமாக வேதியியல். கதிர்வீச்சு, வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல் மூன்றையும் பின்னால் தனியாகப் பிடிப்பது சிரமம். ஓசோன், புகை, காற்று மாசு பக்கம் அவள் மனம் போனால் மட்டும் வேதியியலை முதன்மையாக வைக்கலாம். ஓசோன் ஆய்வுக்கு 1995-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. காலநிலையைக் கணினியில் மாதிரியாக்கிய சுகுரோ மனாபே 2021-இல் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

வேலை இருக்கிறது: வானிலை சேவை, விமானப் போக்குவரத்து, காற்றாலை மற்றும் சூரிய மின்சார முன்கணிப்பு, காற்றுத் தரக் கண்காணிப்பு, காப்பீடு. ஆராய்ச்சிப் பணி என்றால் பெரும்பாலும் முனைவர் பட்டம் வரை போக வேண்டும்; அந்தக் காத்திருப்புக்கு வீடும் தயாராக இருக்க வேண்டும். பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் புள்ளியியலும் முதலாண்டிலேயே தொடங்கட்டும். இவை இரண்டும் இல்லாமல் இந்தத் துறையில் நுழைவது கடினம்.

கணக்கை முடித்ததும் அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள். அந்த 33 டிகிரியை அவளாகவே கேட்டுவிட்டால், அடுத்து எந்தக் கல்லூரி என்று பேசலாம்.