கல்லில் ஏறாத பெயர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (மோல்மேன் வாசகர்): போன மாதம் குடும்பத்தோடு தன்பியூசயாட் போர்க் கல்லறைக்குச் சென்றிருந்தோம். பச்சைப் புல்தரையில் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக இருந்தன. என் தாத்தாவின் அண்ணனும், இரண்டாம் உலகப் போரில் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பி வரவேயில்லை. ஒவ்வொரு கல்லாகப் படித்துப் பார்த்தேன், நம்மவர் பெயர் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஏன் அப்படி?

பதில்: அந்தப் பெயரை அன்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஐயா. நீங்கள் பார்த்த கற்கள் போர்க்கைதிகளுடையவை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து முதலிய நாடுகளின் படைவீரர்கள் 3,700-க்கும் மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கைதியானாலும் படைவீரனுக்கு ஒரு படையெண் இருந்தது. அவனோடு அவனுடைய அதிகாரியும் முகாமில் இருந்தார். யார், எந்த நாளில், எந்த முகாமில் இறந்தான் என்று ஜப்பானியர் கண்ணில் படாமல் குறித்து வைக்க ஒருவராவது இருந்தார். போர் முடிந்த 1945-இலேயே அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு பாதை நெடுகத் தேடினார்கள்; பிறகு எலும்புகளைச் சேர்த்துக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். நம்மவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ‘மூன்று மாத வேலை, நல்ல கூலி’ என்று சொல்லி ஏற்றிவரப்பட்ட தமிழரும், இங்கே பர்மாவில் ‘வியர்வைப் படை’ என்ற பெயரில் ஊருக்கு இத்தனை பேர் என்று பிடித்துக் கொடுக்கப்பட்ட பர்மியரும், மோன்களும், கரேன்களும் வெறும் தலைக்கணக்காகவே அந்தக் காட்டுக்குள் சென்றார்கள்.

பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளையும் இணைத்து முடித்தார்கள். போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் 12,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் என்றும், அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்றும் மதிப்பிடுகிறார்கள். இரண்டையும் கூட்டிப் பாதையின் நீளத்தால் வகுத்துப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 250 உயிர் என்று வருகிறது. உங்கள் வீட்டு வாசலில் இறங்கி மெதுவாக நடந்தால் கால் மணி நேரத்தில் கடக்கிற தூரம் அது.

1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கைதிகளின் முகாம்களில் மருந்து இல்லாவிட்டாலும் மருத்துவர்களாவது இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று அவர்கள் கண்டிப்பாக நின்றதால் பலர் பிழைத்தார்கள். கூலிகளின் கொட்டகைகளில் பெரும்பாலும் அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை. செத்தவர்களைக் குவித்து எரித்தார்கள், அல்லது ஒரே குழியில் தள்ளி மூடினார்கள். சயாம் பக்கத்தில், காஞ்சனபுரியில், 1944-இல் ஜப்பானியப் படையே எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று உண்டு. அதில் தமிழிலும் சில வரிகள் இருக்கின்றன. அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சாகடித்த கைகளே வெட்டிய எழுத்து என்பதால் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இத்தனை உயிரையும் கொடுத்துப் போட்ட பாதை போருக்கு எத்தனை காலம் உதவியது தெரியுமா? இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. கடல்வழியில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டதால் பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு ஆட்களும் குண்டும் அனுப்ப அது தேவைப்பட்டது. அந்தப் படை 1944-இல் இம்பாலில் உடைந்தது. போருக்குப் பின் எல்லையோரத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். நம் பக்கத்துப் பாதையைக் காடு மூடிவிட்டது. உங்கள் பெரிய தாத்தா சுமந்த மண்ணின் மேல் இன்று மூங்கில் நிற்கிறது. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது, ஐயா. இந்த ஆண்டு அவருடைய பெயரை வாய்விட்டுச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுங்கள். பேரப் பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (ரங்கூன் மாணவர்): தமிழன் போர்க்களத்தில் மார்பில் புண் ஏற்பதைப் பெருமையாகப் பாடியவன். நீங்களோ எழுதும்போதெல்லாம் போர் வீண் என்கிறீர்கள். இது நம் மரபுக்கு மாறானது இல்லையா?

பதில்: தம்பி, நீங்கள் சொல்லும் புறநானூற்றிலேயே 45-ஆம் பாட்டைப் படித்துப் பாருங்கள். உறையூருக்குள் நெடுங்கிள்ளி கதவடைத்துக் கிடக்கிறான். வெளியே நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான். இருவரும் சோழர்கள். கோவூர் கிழார் என்ற புலவர் நடுவில் போய் நின்று, உன் மாலையும் ஆத்திப் பூ, உன்னோடு பொருகிறவன் மாலையும் ஆத்திப் பூ, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். இருவரும் வெல்வது இயற்கையிலேயே இல்லை என்றும் சொல்கிறார். இதுவும் நம் மரபுதான்; வாளேந்திய இரண்டு பேருக்கு நடுவில் சொல்ல வேண்டியிருந்ததால் இதற்கு நெஞ்சுரம் கூடுதலாகவே வேண்டியிருந்தது.

அந்தப் பாட்டு 1944-இல் இந்த மண்ணில் மறுபடி நடந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் பிரிவில் இருந்த தமிழர்கள் ஆற்றுக்குப் பாலமும் மலைக்குச் சாலையும் போட்டார்கள். எதிர்ப்பக்கம் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டத்துப் பிள்ளைகளும் பர்மாத் தமிழரும் சேர்ந்திருந்தார்கள். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் பால்மரம் வெட்டிய கைகளோடு தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். அவர்களுடைய விடுதலை வேட்கையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இம்பாலை நோக்கிச் சென்ற படையின் சாவில் பெரும்பகுதி பட்டினியாலும் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் வந்தது. மழையில் பின்வாங்கி நடந்த வழியெல்லாம் பிணம். ரங்கூனுக்கு வெளியே உள்ள தௌக்கியான் போர்க் கல்லறையின் நினைவுத் தூண்களில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்து, கல்லறை கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் இருக்கின்றன. மறுபக்கத்தில் நின்ற தமிழ்ப் பையனுக்கு அங்கே ஒரு எழுத்தும் இல்லை. இருவருக்காகவும் காத்திருந்த தாய்மார்களின் கண்ணீரை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவது?

கேள்வி (தட்டோன் வாசகர்): பழைய தகரப் பெட்டியில் ஜப்பான்காரன் காலத்து ரூபாய் நோட்டுக் கட்டு ஒன்று கிடைத்தது. மதிப்பு உண்டா?

பதில்: 1945-இல் பிரிட்டிஷார் திரும்பியதும் அந்த நோட்டுகள் செல்லாக் காசாயின. பழம்பொருள் சேர்ப்பவர்கள் சிறு தொகை கொடுக்கலாம். உங்கள் வீட்டில் ஒருவர் நெல்லோ நகையோ கொடுத்து வாங்கிய காகிதம் அது என்பதால் நானாக இருந்தால் விற்க மாட்டேன்.

கேள்வி (பெகு வாசகி): என் தாயாருக்குத் தொண்ணூறு வயதாகிறது. குண்டு போட்ட வருஷத்தில் குழந்தையாக இந்தியாவுக்கு நடந்தவர். அதைப் பற்றிக் கேட்டால் அழுதுவிடுகிறார். கேட்பது பாவமா?

பதில்: பாவமில்லை, அம்மா, கேட்கும் விதம்தான் முக்கியம். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரமே விழுந்தது. அந்தச் சில மாதங்களில் நான்கைந்து லட்சம் இந்தியர்கள் இந்த நாட்டை விட்டுப் போனார்கள் என்கிறார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் தௌங்கூப் கணவாய் வழியாகவும், தமு வழியாகவும், ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாகவும் நடந்தார்கள். பல்லாயிரம் பேர் போய்ச் சேரவில்லை. இவ்வளவையும் ஒரே கேள்வியில் ‘என்ன நடந்தது’ என்று கேட்டால் யாரால் தாங்க முடியும்? யார் கையைப் பிடித்து நடந்தீர்கள், மூட்டையில் என்ன இருந்தது, செருப்பு இருந்ததா என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள். அவர் சொல்லும் பெயர்களை மட்டும் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

என் ஆயா (பாட்டி) தௌங்கூப் வழியாகக் கைக்குழந்தையோடு நடந்தவர். கணவாயில் ஒரு செம்புத் தண்ணீருக்குக் காசு கேட்டார்களாம். குழந்தையை ஒரு மூங்கில் புதர் ஓரம் வைத்து, மேலே தழையைப் போட்டுவிட்டு நடந்தாராம். போருக்குப் பின் கப்பலேறி இங்கே திரும்பி வந்து நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தக் குழந்தையின் பெயரை எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். ஆனால் செம்பில் மீந்த தண்ணீரை அவர் ஒருநாளும் கீழே ஊற்றி நான் பார்த்ததில்லை. தாகம் இல்லாவிட்டாலும் அந்தக் கடைசி மடக்கைக் குடித்துவிட்டுத்தான் செம்பைக் கவிழ்ப்பார்.