கொசுவின் வயிற்றில் ரத்தம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெண் கொசுவுக்கு மட்டும் ரத்தம் எதற்கு? பசிக்காகவா? (மன்னார்குடி வாசகர்)

பறக்கத் தேவையான தெம்பைப் பெண் கொசுவும் பெரும்பாலும் பூந்தேனிலிருந்தே பெறுகிறது, ரத்தம் முட்டைக்காக. ரத்தத்தின் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிந்த பிறகே முட்டையில் மஞ்சள்கரு சேரத் தொடங்கும். விடியற்காலையில் மாட்டுக்கொட்டகைச் சுவரில் பின்புறத்தைத் தூக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அனோபிலஸ் கொசுவை (மலேரியாவைப் பரப்பும் இனம்) டார்ச் அடித்துப் பாருங்கள். இரவில் குடித்திருந்தால் வயிறு செக்கச்செவேலென்று இருக்கும். ரத்தம் செரிக்கச் செரிக்கக் கறுத்து, முட்டை நிறைந்ததும் வெளிறிவிடும். நம் ஊர் வெப்பத்தில் இதற்கு இரண்டு மூன்று நாள் போதும். பிறகு வாய்க்கால் தேக்கத்திலோ புதிதாக நட்ட குறுவை வயலிலோ 50 முதல் 200 முட்டைகள் வரை நீர்மேல் தனித்தனியாக இட்டுவிட்டு, அது அடுத்த ரத்தத்தைத் தேடிக் கிளம்பிவிடும்.

நிறையக் குடித்தால் கொசுவின் ஆயுள் கூடுமா? (கும்பகோணம் வாசகி)

அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கடியிலும் அடிபட்டுச் சாகும் ஆபத்து உண்டு. தன் எடைக்கும் மேலான சுமையோடு வெகுதூரம் பறக்க முடியாமல் அருகிலுள்ள சுவரில் அது ஒதுங்குவதால்தான், சுவரில் மருந்தடிப்பது பலன் தருகிறது. போதாததற்கு, ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபின் சிதையும்போது வெளிப்படும் ஹீம் என்ற இரும்புள்ள பகுதி அதன் குடலுக்கே நஞ்சு. குடிக்கும்போதே அனோபிலஸின் பின்நுனியில் சிவந்த துளி ஒன்று திரள்வதைப் பார்த்து, 'குடித்ததை வீணாக்குகிறதே' என்று நானும் முதலில் நினைத்ததுண்டு. உண்மையில் அது உபரி நீரை வெளியேற்றிப் புரதத்துக்கு இடம் தேடிக்கொள்கிறது. சூடான ரத்தத்தால் ஏறிய உடல் வெப்பமும் அத்துளி ஆவியாவதால் தணிகிறது.

மலேரியா நோயாளியைக் கடித்த கொசு மறுநாளே நோயைப் பரப்புமா? (திருவாரூர் வாசகர்)

பரப்பாது. 1897-ல் செகந்தராபாத்தில் மருத்துவர் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்ட மலேரியா ஒட்டுண்ணி, வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறக்குறைய பத்து நாள் ஆகும். பல கொசுக்கள் அதற்குள் செத்துவிடுகின்றன. பிழைப்பவை இடையில் மூன்று நான்கு முறை ரத்தம் குடித்திருக்கும். ஆப்பிரிக்க அனோபிலஸ் காம்பியேவில் நடந்த சோதனைகளில், இடையில் குடித்த ரத்தம் ஒட்டுண்ணியின் வளர்ச்சியையும் விரைவுபடுத்தியது. முட்டைக்காகக் குடிப்பது ஒட்டுண்ணிக்கும் தீனியாகிறது.

வீட்டருகே மாடு கட்டினால் கொசு நம்மை விட்டுவிடுமா? (பாபநாசம் வாசகர்)

கிராமப்புற மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் கூலிசிஃபேசிஸ் மாட்டையே அதிகம் நாடும். ஆனால் மாட்டு ரத்தத்திலும் முட்டை விளையும், கொசுவும் பெருகும். ஆகவே கொட்டகையை நம்பிக் கொசுவலையைக் கழற்றிவிடாதீர்கள்.