சளார் என்று ஒரு வினைச்சொல்

மேட்டூரில் மதகு தூக்கி, தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டால் டெல்டாவில் வேறு பேச்சு இருக்காது. எனக்கு வரும் ஆங்கிலச் சந்தேகங்கள்கூட அந்த நாட்களில் ஈரமாகத்தான் வருகின்றன. இந்த முறை வந்தவற்றில் 'ஸ்பிளாஷ்' என்ற வினைச்சொல்லையும் அதன் பங்காளிகளையும் பற்றியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

"பஸ் என்மேல் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது." இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? 'தெறித்தது' என்பதற்கு ஸ்பிளாஷ் சரியா? (கல்லூரி மாணவி, மன்னார்குடி)

'தி பஸ் ஸ்பிளாஷ்டு மீ வித் மட்' என்று சொல்லலாம். பெரிய திட்டுத் திட்டாக அப்பிக்கொண்டது என்றால் 'ஸ்பிளாட்டர்' இன்னும் பொருந்தும். சின்னச் சின்னப் பொட்டுகளாகத் தெறித்தால் 'ஸ்பாட்டர்'. தாளிக்கும்போது கடுகு வெடித்து எண்ணெய் கையில் சுள்ளென்று படுகிறதே, அதற்கும் ஸ்பாட்டர்தான்.

தமிழில் 'சேறு தெறித்தது' என்போம். 'பஸ் சேற்றைத் தெறித்தது' என்று யாரும் எழுதுவதில்லை. பஸ்ஸை எழுவாயாக்கினால் 'வாரி அடித்தது' என்று வேறு வினைக்குப் போகிறோம். ஆங்கிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. சேறும் ஸ்பிளாஷ் ஆகும், பஸ்ஸும் சேற்றை ஸ்பிளாஷ் செய்யும். இறந்தகாலத்தை உச்சரிக்கும்போது 'ஸ்பிளாஷெட்' என்று இழுக்காதீர்கள். கடைசியில் ஒரு சின்ன 'ட்' போதும். முதல் வேலைக்கான நேர்முகத்துக்கு வெள்ளை வேட்டியில் போன நானும் இப்படி ஒரு பஸ்ஸிடம் மாட்டியவன்தான். அன்று எனக்கு எந்த மொழியிலும் வினைச்சொல் வரவில்லை.

விடியற்காலையில் வாசல் தெளிப்பதை வெளிநாட்டில் இருக்கும் மருமகளுக்கு விளக்க வேண்டும். அவள் ஸ்பிரிங்கிள் என்கிறாள், என் மகன் ஸ்பிளாஷ் என்கிறான். (இல்லத்தரசி, திருவையாறு)

அம்மா, மருமகள் பக்கம்தான் தீர்ப்பு, ஆனால் முழுத் தீர்ப்பு அல்ல. எங்கள் அத்தை தெளிப்பதைப் பார்த்திருக்கிறேன். வாளியில் சாணத்தைக் கரைத்து இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொள்வார். இன்னொரு கை தண்ணீரை அள்ளி, விரல்களை விரித்து விசிறும். தரையில் ஒவ்வொரு முறையும் 'சளார்' என்று கேட்கும். ஓரங்களுக்குப் போகும்போது அதே கை அடங்கி, விரல் நுனியால் சொட்டுச் சொட்டாக உதறும். முதலில் செய்தது ஸ்பிளாஷ், பிறகு செய்தது ஸ்பிரிங்கிள். தமிழுக்கு இரண்டுமே தெளிப்பதுதான்.

காரணம் இருக்கிறது. ஸ்பிளாஷ் என்பது காதால் பிறந்த சொல். 'பிளாஷ்' என்ற பழைய சொல்லின் முன்னால் ஒரு 'ஸ்' ஒட்டி, 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஓசையையே வினையாக்கிக்கொண்டது ஆங்கிலம். நம் வினைகளோ கை என்ன செய்கிறது என்று பார்க்கின்றன: அள்ளினால் வாரு, வீசினால் விசிறு, அழுத்தினால் பீய்ச்சு, விரல்விட்டுத் துழாவினால் அளை. ஓசை வேண்டுமானால் அதற்குத் தனி ஆள் உண்டு: 'சளார் என்று', 'தொபுக்கென்று'. எனவே ஸ்பிளாஷை மொழிபெயர்க்கும்போது ஒற்றைச் சொல்லைத் தேடி அலையாமல், ஓசைச் சொல்லையும் கையின் வினையையும் சேர்த்துப் போடுங்கள். 'சளார் என்று முகத்தில் அடித்துக்கொண்டாள்' என்பது எந்த அகராதிப் பொருளையும்விட ஸ்பிளாஷுக்கு நெருக்கம்.

இன்னொன்று. 'அவனுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டேன்' என்று நீங்கள் மகனைப் பற்றி அலுத்துக்கொண்டால், மருமகள் அதை ஸ்பிரிங்கிள் என்று புரிந்துகொள்ளக் கூடாது. அது 'ஐ ஹேவ் கிவன் அப் ஆன் ஹிம்'.

வயலைப் பார்க்க வந்த வெள்ளைக்காரரிடம், 'வி ஸ்பிளாஷ் வாட்டர் டு தி ஃபீல்டு' என்றேன். அவர் வாளி எங்கே என்று தேடினார். (விவசாயி, ஒரத்தநாடு)

தேடியது நியாயம். பாய்ச்சுவதற்கு 'இரிகேட்'. புது ஆற்று (கல்லணைக் கால்வாய்)த் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி மடையை வெட்டிவிடுகிறீர்கள். அதில் தெறிப்பது ஏதும் இல்லை. செடிக்கு ஊற்றுவதென்றால் 'வாட்டர்' என்ற பெயர்ச்சொல்லே வினையாகிவிடும்: 'வாட்டர் தி பிளாண்ட்ஸ்'. ஏற்றம் போட்டு இறைத்த காலத்தைச் சொல்வதானால் 'டிரா'. ஓடத்தில் புகுந்த நீரை இறைத்துக் கொட்டினால்தான் 'பேல் அவுட்'.

பம்ப்செட் குழாயிலிருந்து குபுகுபுவென்று கொட்டுவது 'கஷ்'. ஆனால் ஜாக்கிரதை: 'மடை திறந்த வெள்ளம்போல் பேசினார்' என்பதற்கு 'ஹி கஷ்டு' என்று போட்டுவிடாதீர்கள். நம்மிடம் அது பாராட்டு. அங்கே அளவுக்கு மீறி உருகி வழிகிறார் என்ற கேலி. 'தி வேர்ட்ஸ் போர்டு அவுட்' என்றால் மரியாதை குறையாது.

'ஸ்பிளாஷ் அவுட்' என்றால் ஊதாரித்தனமா? (வங்கி ஊழியர், மயிலாடுதுறை)

பணத்தைத் தண்ணீராகப் பார்ப்பதில் இரண்டு மொழிகளும் ஒன்று. 'காசைத் தண்ணீராய் இறைக்கிறான்' என்கிறோம். ஆனால் நாம் சொல்லும்போது அதில் ஒரு பெரியவரின் முகச்சுளிப்பு இருக்கிறது. பிரிட்டிஷ்காரர் ஸ்பிளாஷ் அவுட் என்னும்போது பெரும்பாலும் சந்தோஷம்தான்: தீபாவளிக்கு மனைவிக்குத் திருபுவனம் பட்டு எடுத்தேன், கணக்குப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அமெரிக்கர் இதையே 'ஸ்ப்ளர்ஜ்' என்பார்.

எங்கள் கடைப் பலகையில் 'காஃபி வித் எ ஸ்பிளாஷ் ஆஃப் டிகாக்‌ஷன்' என்று எழுதினேன். டிகாக்‌ஷன் தூக்கலாக என்ற பொருளில். (காபிக்கடை, கும்பகோணம்)

உடனே அழித்துவிடுங்கள். அந்த 'எ ஸ்பிளாஷ் ஆஃப்' என்பது ஒரு சொட்டு, கொஞ்சூண்டு. பலகையைப் படித்தவர் வெறும் பால் என்று நினைத்து எதிர்க்கடைக்குப் போயிருப்பார். 'ஸ்ட்ராங்' என்ற ஒரு சொல் போதும்.

'நிறைகுடம் தளும்பாது' என்பதில் தளும்புவதும் ஸ்பிளாஷா? (பள்ளி ஆசிரியர், திருவாரூர்)

இல்லை. பாத்திரத்துக்குள்ளேயே தண்ணீர் இப்படியும் அப்படியும் ஆடினால் 'ஸ்லொஷ்'. விளிம்பைத் தாண்டிச் சிந்தினால் 'ஸ்பில்'. பழமொழியைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டாம். 'எம்ப்டி வெசல்ஸ் மேக் தி மோஸ்ட் நாய்ஸ்' என்பதே அவர்கள் வழக்கு. பாருங்கள், குடத்தின் ஆட்டத்தை நாம் கண்ணால் பிடித்தோம், அவர்கள் இங்கேயும் சத்தத்தைத்தான் கேட்டார்கள்.

செய்தியில் 'ஸ்பிளாஷ்டவுன்' என்று வருகிறதே? (பிளஸ் டூ மாணவர், நாகப்பட்டினம்)

விண்கலம் பாராசூட்டில் தொங்கிக்கொண்டு கடலில் வந்து இறங்குவது. 2025 ஜூலை 15 அன்று இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா வந்த கலம் கலிபோர்னியா கரையை ஒட்டிப் பசிபிக்கில் இறங்கியது இப்படித்தான். பெயர்ச்சொல்லாக எழுதினால் சேர்த்து எழுதுங்கள். வினையாக வந்தால் 'ஸ்பிளாஷ்டு டவுன்' என்று பிரியும். தமிழில் 'கடலில் இறங்கியது' போதும். 'தொபுக்கென்று' என்று சேர்க்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும், தேர்வுத்தாளில் மட்டும் வேண்டாம்.