வாசகர் கேள்வி – பதில்: ஆகஸ்ட் லீவில் நெடுந்தீவுக்குப் போகலாமா?

விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் கிடக்கும் நெடுந்தீவுக்குப் போக நினைக்கும் மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம்.

நாங்கள் நாலு பேர். ஆகஸ்ட் லீவில் நெடுந்தீவுக்குப் போய் ஒரு இரவு கூடாரம் அடித்துத் தங்க எண்ணம். அந்த மாதம் பாசிக்குடாக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அங்கேயும் அப்படித்தானே?
– கல்லடி வாசகர்

இல்லை. நம்ம பக்கத்து ஆட்கள் கணக்குப் பிழைக்கிற இடமே இதுதான். மே தொடங்கி செப்டெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வீசும். நமக்கு அது தரையைக் கடந்து வரும் கச்சான். உடம்பைச் சுட்டாலும் கரையிலிருந்து கடலை நோக்கிப் போவதால் நம் கரையில் அலை எழும்பாது. நெடுந்தீவுக்கு அதே காற்று திறந்த கடலைக் கடந்து சோழகமாக வந்து மோதும். அங்கே கடலும் ஆழம் குறைந்தது. அதனால் அலை நீளமாக உருளாது, குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து எழும்பும். காற்றுக் கூடினால் படகையே நிறுத்திவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடைக்காற்றும்.

ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் நல்ல காலம். மாரி பெய்து முடிந்திருக்கும், பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், புல் பச்சையாக இருக்கும், தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளும் தெம்பாக நிற்கும். ஆகஸ்டில் அதே வெளி காய்ந்து வெடித்துப்போய்க் கிடக்கும். பள்ளிக்கூட லீவுதான் பிரச்சினை என்றால் சித்திரைப் புத்தாண்டு லீவைப் பாருங்கள். வெயில் கடுமைதான், ஆனால் கடல் இறங்கியிருக்கும்.

இரவு பஸ்ஸில் ஏறினால் காலைப் படகைப் பிடிக்கலாமா?
– களுவாஞ்சிகுடி வாசகி

பிடிப்பவர்கள் உண்டு. நாங்கள் அதைச் சொல்லித்தர மாட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகப் படகு புறப்படும் குறிகட்டுவான் துறைக்குப் போக இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். பஸ் கொஞ்சம் சுணங்கினாலும் காலைப் படகு போய்விடும், அன்றைய நாளும் போய்விடும். முதல் நாள் பகலில் புறப்பட்டு இரவு யாழ்ப்பாணத்தில் தங்குங்கள்.

கடல் ஓட்டம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், இறங்குவது மாவிலித்துறை. படகு நேரம் மாறிக்கொண்டே இருக்கும், முதல் நாளே விசாரியுங்கள். நயினாதீவுப் படகும் குறிகட்டுவானிலிருந்துதான் புறப்படுகிறது. ஆகவே பூரணை நாளிலும் நாகபூசணி அம்மன் திருவிழா நாட்களிலும் வரிசை நீளும். திரும்பும் நாளன்றே மட்டக்களப்புக்கு இரவு பஸ் பதிய வேண்டாம். ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள்.

குடிக்கத் தண்ணீர் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்? அங்கே கிணறு இருக்கிறதுதானே?
– அக்கரைப்பற்று வாசகர்

கிணறு இருக்கிறது, பலதும் உவர். தீவு முழுக்கச் சுண்ணக்கல். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கிக் கடல் நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கும். மழை இல்லாத மாதங்களில் அந்தப் படை மெலிந்து உப்பு மேலே ஏறும். நல்ல தண்ணீர்க் கிணறுகள் அந்த ஊர்ச் சனத்துக்கே அளவாகத்தான் போதும்.

வெயிலில் சைக்கிள் மிதிப்பவருக்கு நாளுக்கு 5 லீற்றர் குடிக்க வேண்டும். நாலு பேருக்கு இரண்டு நாள் என்றால் 40 லீற்றர், அதாவது 20 லீற்றர் கான் இரண்டு. சமையலுக்கும் காயம் கழுவவும் இன்னும் 5 லீற்றர். மொத்தம் 45 கிலோவைச் சைக்கிள் கரியரில் ஏற்ற முடியாது. கானையும் கூடாரத்தையும் துறையில் நிற்கும் வாடகை ஓட்டோவில் தங்குமிடத்துக்கு அனுப்புங்கள். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பும் சீனியும் கலந்த தூள்) பக்கெட் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உவர்த் தண்ணீரில் கரைக்கக் கூடாது. உப்பின் அளவு கூடி, தாகம் தீராமல் இன்னும் களைப்பாக்கும்.

திருக்கோவில் மணலில் கூடாரம் அடித்துப் பழக்கம் உண்டு. அங்கேயும் அதே ஆணிகள் போதுமா?
– திருக்கோவில் வாசகர்

போதாது. பல இடங்களில் நாலு விரல் மண்ணுக்குக் கீழே கல். ஆணி வளையும், இல்லாவிட்டால் பாதியில் நின்று இரவுக் காற்றில் பிடுங்கிக்கொள்ளும். வெறும் உரப்பை எட்டு, 6 மில்லிமீற்றர் நைலோன் கயிறு மூன்று மீற்றர் நீளத்தில் எட்டுத் துண்டு கொண்டுபோங்கள்.

பைக்குள் 15 கிலோ அளவு மணல் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். கயிற்றைப் பையின் நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள். மண் ஆழமாக உள்ள இடத்தில் ஒரு முழம் கிண்டி, கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் பையைப் படுக்கவைத்து மூடி மிதியுங்கள். கல் தட்டுப்பட்டால் கிண்டாமல் தரையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பை வையுங்கள். கயிறு தாழ்வாக ஓட வேண்டும். கூடாரத்துக்குக் கிட்ட வைத்தால் கயிறு செங்குத்தாகி, காற்று பையையே தூக்கும். இரண்டு மீற்றராவது தள்ளி வையுங்கள். கயிறு கல்லில் உரசும் இடத்தில் பழைய சாரத்துண்டைச் சுற்றுங்கள், முருகைக்கல் விளிம்பு ஒரே இரவில் கயிற்றை அறுத்துவிடும்.

பாரத்துக்கு வேண்டுமென்று மதிலிலிருந்து ஒரு கல்லும் எடுக்காதீர்கள். அந்த முருகைக்கல் மதில்கள் சாந்து இல்லாமல் கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்கியவை. ஒன்றை உருவினால் பக்கத்தில் உள்ளவையும் சரியும். அவை இன்னொருவருடைய காணியின் எல்லை.

எங்கே அடிப்பது என்பதை முதலில் கிராம சேவகரிடமும் பொலிஸிலும் கேளுங்கள். தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் வனஜீவராசிகள் திணைக்கள அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது.

சைக்கிளா, ஓட்டோவா? பிள்ளைகள் குதிரை பார்க்க ஆசைப்படுகிறார்கள்.
– ஏறாவூர் வாசகி

சின்னப் பிள்ளைகள் என்றால் ஓட்டோ. ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்க மரம் (பாவோபாப்) எல்லாம் ஒரு நாளில் பார்க்கலாம். வளர்ந்தவர்களுக்குச் சைக்கிள்தான். ஆனால் கல்லும் முள்ளும் ரியூப்பை விடாது. ஒரு சைக்கிளுக்கு ஒரு மாற்று ரியூப்பும், எல்லோருக்கும் பொதுவாக ஒட்டு, சொலூசன், பம்பும் வேண்டும்.

குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. பழக்கிய குதிரையை நினைத்துக்கொண்டு கிட்டப் போக வேண்டாம், தீனியும் போட வேண்டாம். அவை தண்ணீருக்கு வரும் பள்ளத்தோரம் கூடாரம் அடிப்பதுதான் பெரிய பிழை. ஆட்கள் நின்றால் வெருண்டு, குடிக்காமலே திரும்பிவிடும். வரட்சிக் காலத்தில் அது உயிர் போகிற காரியம்.

கடலில் குளிக்கலாமா?
– காரைதீவு வாசகர்

அமைதியான நாளில், ஊர்க்காரர் காட்டும் இடத்தில் மட்டும். அடியில் கல், அதனால் சப்பாத்தோடு இறங்குங்கள். முருகைக்கல் வெட்டினால் பொடித்துண்டு உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். குடிதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு மெல்லத் தேய்த்துக் கழுவி மருந்து போடுங்கள். ஏற்பு ஊசி போட்டுக் கனகாலமானவர்கள் புறப்பட முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தீவில் வைத்தியசாலை உண்டு, ஆனால் கடுமையான நோயாளியைக் கடல் கடந்துதான் யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் கடலில் இறங்காமல் இருப்பதே நல்லது.