பாலம் கட்டிய பூட்டனார்: எந்த ஏட்டில் தேடுவது?

கேள்வி: என் அப்பாவின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா வந்தவர். பேராக்கில் உள்ள கராய் விக்டோரியா ரயில் பாலத்தைக் கட்டிய எஞ்சினியர் என்று வீட்டில் சொல்வார்கள். எங்களிடம் இருப்பது அட்டையில் ஒட்டிய ஒரு பழைய படமும் இறப்புச் சான்றிதழும்தான். 1938-இல் 65 வயதில் இறந்திருக்கிறார்; தொழில் என்ற இடத்தில் ‘அரசாங்கப் பென்ஷன்காரர்’ என்று மட்டும் இருக்கிறது. லண்டன் சிவில் எஞ்சினியர்கள் கழகத்தின் பழைய உறுப்பினர் பதிவுகளில் தேடினேன், அவர் பெயர் இல்லை. வீட்டில் சொன்ன கதை பொய்யா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் திறந்த ஏடு அவருக்கு உரியதல்ல, அவ்வளவுதான்.

லண்டன் கழகத்தின் உறுப்பினர் விண்ணப்பங்கள் அருமையான ஆவணங்கள். பிறந்த தேதி, யாரிடம் தொழில் பழகினார், எந்தெந்த வேலையில் இருந்தார், யார் முன்மொழிந்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அன்றைய மலாயாவில் எஞ்சினியர் பதவி பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கே போனது. நம்மவர்கள் ஓவர்சியர், சர்வேயர், டிராஃப்ட்ஸ்மேன், தண்டவாள இன்ஸ்பெக்டர் என்ற பெயர்களில் வேலை பார்த்தார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு, நிலமட்டம் பார்க்கும் லெவல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவர் யாரானாலும் ‘எஞ்சினியர் ஐயா’தான். இதனால் உங்கள் பூட்டனார் ஒரு படி இறங்கிவிடவில்லை. அந்தப் பாலத்தின் செங்கல் தூண்கள் இன்றும் பேராக் ஆற்றில் நிற்கின்றன. அப்படிப்பட்ட வேலையில் வெயிலில் நின்று ஒவ்வொரு வரிசையையும் சரிபார்ப்பது ஓவர்சியரின் பொறுப்பு. ஆகவே ‘எஞ்சினியர்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, அவருடைய உண்மையான பதவிப் பெயரைத் தேடுங்கள்.

அடுத்து, எந்த இலாகா? பலர் தடுமாறும் இடம் இது. ரோடு, அரசாங்கக் கட்டடம், தண்ணீர் விநியோகம் என்றால் பி.டபிள்யூ.டி. என்ற பொதுப்பணி இலாகா, அதாவது இன்றைய ஜே.கே.ஆர். வயலுக்கு நீர் பாய்ச்சும் வேலையும் 1932-இல் தனி இலாகா வரும்வரை அவர்களிடமே இருந்தது. ரயில் பாலம் அப்படியல்ல. விக்டோரியா பாலத்தின் வேலை 1897 டிசம்பரில் தொடங்கி 1900 மார்ச்சில் முடிந்தது. அப்போது அது பேராக் மாநில ரயில்வேயின் வேலை. கூட்டு மலாய் மாநில ரயில்வே என்ற பெயரே 1901-இல்தான் வந்தது. அரசாங்க அறிவிப்புகள் வரும் கெஜட்டும் 1909 வரை மாநிலத்துக்குத் தனியாகத்தான் வந்தது. எனவே 1909-க்கு முன்பு பேராக் அரசாங்க கெஜட்டையும், அதற்குப் பிறகு கூட்டு மலாய் மாநில கெஜட்டையும் பாருங்கள். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில், அர்க்கிப் நெகாராவில், இரண்டையும் கேளுங்கள். நியமனம், லீவு, பதவி உயர்வு, ஓய்வு என ஒவ்வொன்றும் அங்கே ஒற்றை வரியாக வந்திருக்கும்.

அத்தனை வருடங்களையும் புரட்ட வேண்டியதில்லை. உங்கள் சான்றிதழே வழி காட்டுகிறது. 1938-இல் 65 வயது என்றால் பிறந்தது 1873 வாக்கில். அரசாங்க வேலையில் பொதுவாக 55 வயதில் ஓய்வு. ஆக 1928-ஐ ஒட்டி ஓய்வு பெற்றிருப்பார். முதலில் 1927 முதல் 1929 வரை கெஜட்டைப் பாருங்கள். அங்கே பதவிப் பெயர் கிடைத்துவிட்டால் பின்னோக்கிப் போவது எளிது. அதே வருடங்களில் செய்தித்தாள்களையும் பாருங்கள்: ரயில்வேக்காரர்களின் பிரிவுபசாரம், மகள் கல்யாணம், இறப்பு எல்லாம் அன்று பத்திரிகையில் வரும். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் இரண்டின் பழைய இதழ்களையும் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

பெயர் விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டும். வேலுப்பிள்ளை மகன் கந்தையாவை ஒரு கிராணி ‘கே’ எழுத்தில் எழுதுவார், இன்னொருவர் ‘சி’ எழுத்தில் எழுதுவார், மூன்றாமவர் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக்கி ‘வி’ வரிசையில் போட்டுவிடுவார். நானே ஒருவருக்காக மூன்று மதியப் பொழுதுகள் மைக்ரோஃபிலிம் சுற்றியிருக்கிறேன். நாலாம் நாள் அவர் ‘சி’யில் உட்கார்ந்திருந்தார். மிஷன் பள்ளியில் படித்தவர் என்றால் இன்னும் சிக்கல். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டை செமினரி மாணவர்களுக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. தமிழறிஞர் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘ஆர்னோல்ட்’ அப்படி வந்த பெயர்தான். அந்த வழக்கமுள்ள குடும்பமானால், வீட்டில் யாரும் கூப்பிடாத ஒரு பெயரில் அவர் பதிவாகியிருக்கலாம்.

லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 273 என்ற வரிசையில், சிங்கப்பூர் கவர்னர் லண்டன் காலனி இலாகாவுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. ஓவர்சியர் பெயர் அவ்வளவு மேலே போவது அரிது. அதற்காக விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

படத்தை அட்டையோடு ஸ்கேன் செய்யுங்கள், ஓரத்தை வெட்ட வேண்டாம். அட்டையின் அடியில் ஸ்டூடியோ பெயரும் ஊரும் அச்சாகியிருந்தால் அந்த வருடங்களில் அவர் எங்கே இருந்தார் என்பதற்குத் தடயம். தைப்பிங்கா, ஈப்போவா, யாழ்ப்பாணமா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், குடும்பத்தில் வயதில் மூத்த அத்தையிடம் போய் உட்காருங்கள். ‘தாத்தா என்ன வேலை பார்த்தார்’ என்று கேட்டால் மறுபடி ‘எஞ்சினியர்’ என்றுதான் சொல்வார். ‘எந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள்? யாழ்ப்பாணத்தில் எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போவார்கள்?’ என்று கேளுங்கள். இங்குள்ள ஆவணங்களில் பெரும்பாலும் ‘சிலோன்’ என்பதோடு நின்றுவிடும். கிராமத்தின் பெயர் அந்த அத்தையிடம் மட்டுமே மிச்சம் இருக்கலாம். அது கிடைத்ததும் எழுதுங்கள். அந்த ஊருக்கு எந்தப் பள்ளி, எந்தத் தேவாலயப் பதிவேடு என்று அடுத்துப் பார்ப்போம்.